மதாம் டெஃபேரின் இரண்டு கைப்பிடிகள்

அந்த நாட்களில் நான் பியர்பொன்ட்ஸ் பக்கம் காலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆறு பத்துக்கு அக்கா ஏறுவார். கட்டையான உருவம், கணுக்கால் வரை வரும் நீலக் குளிர்க்கோட்டு, ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மற்றக் கையில் நூல் பை. எனக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை இருக்கைதான் அவருடையது. அமர்ந்ததும் ஊசிகளை எடுத்துப் பின்னத் தொடங்குவார். ரயில் நிலையம் வர இருபது நிமிடம். என் கண்ணாடியில் அவருடைய விரல்கள் மட்டும் தெரியும்.

சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டரின் கை வளர்ந்துகொண்டிருந்தது. கார்த்திகை முடிவில் அது முழங்கை வரை வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை பார்த்தால் மணிக்கட்டளவுத் துண்டுதான் ஊசியில் தொங்கியது.

"என்னக்கா, வெள்ளிக்கிழமை நீளமா இருந்ததே?"

"கீழ ஒரு கண்ணி பிழைச்சிரிக்கு தம்பி. நேற்றுத்தான் கண்ட நான்."

"ஒரு கண்ணிதானே. ஆர் பாக்கப் போகினம்?"

அவர் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தார். "நான் கண்டிட்டனே," என்றார்.

எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று போன கிழமை போனில் சொன்னேன். ஓய்வு பெற்றபின் மகளோடு கல்கரியில் இருக்கிறார். "எழுது மனே, பேரைப் போடாத. போட்டா மட்டக்களப்பில இரிக்கிற சனம் முழுக்க வந்து பிழை பிடிக்கும்," என்றார். ஆகவே அக்கா என்றே எழுதுகிறேன். ஆனால் அவருக்கு இன்னொரு பெயரும் இருந்தது. அதை எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

அவர் வேலை செய்தது ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு சிறிய தொழிற்சாலையில். விமானங்களுக்குள் ஓடும் வயர்களை அங்கே கட்டினார்கள். மேசையளவு பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். எந்த வயர் எந்த ஆணியைச் சுற்றிப் போகவேண்டும் என்று பலகையிலேயே கோடு இருக்கும். வயர்களை ஓடவிட்டு, சேர்த்துக் கட்டி, முனைகளைப் பூட்டி, பையில் போட்டு அனுப்புவார்கள். பதினொரு பெண்கள். ஹெய்ட்டி, வியட்நாம், போர்த்துக்கல் என்று பல ஊரவர்கள். அக்கா ஒருவர்தான் தமிழ். இருபது வருடம் அங்கே நின்றும் அவருக்கு ஐம்பது பிரெஞ்சுச் சொல்தான் தெரியும். அதில் அவர் அதிகம் சொன்னது 'டெஃபேர்'. அவிழ்ப்பது என்று பொருள்.

ஒருநாள் பின்னேரம் பெட்டி ஒட்டி முடிந்து லொறியும் வாசலில் வந்து நின்றதாம். அக்கா மேற்பார்வையாளரிடம் போய்த் தன் நெஞ்சைத் தொட்டு, "செ முவா," என்றாராம். நான்தான் என்று அர்த்தம். பிறகு பெட்டியைக் காட்டி, "டெஃபேர்." காலையில் முனை பூட்டும் கருவியின் பிடி ஒரு மயிரளவு தளர்ந்திருந்தது, அது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். லொறி வெறுமையாய்த் திரும்பியது. பெட்டியை உடைத்து இழுத்துப் பார்த்தபோது அவர் பூட்டிய முனைகளில் மூன்று கையோடு வந்துவிட்டன. அன்றிலிருந்து அவர் மதாம் டெஃபேர். முதலில் எரிச்சலில் வைத்த பெயர். பிறகு புதிதாய் வேலைக்கு வருபவர்களுக்கு அதைப் பெருமையாகச் சொல்லி அறிமுகப்படுத்தினார்களாம்.

நான் வீட்டுக் கராஜில் விமானம் கட்டுகிறேன் என்பதை ஒரு மாசிக் காலையில், பனியில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவருக்குச் சொன்னேன். வழக்கமாக இதைக் கேட்பவர்கள் சிரிப்பார்கள், அல்லது "பறக்குமோ?" என்பார்கள். அக்கா ஊசியை நிறுத்திவிட்டு, "வயர் ஆர் போடுற?" என்று கேட்டார்.

"நான்தான் அக்கா. புத்தகம் பாத்து."

அவர் மறுபடி பின்னத் தொடங்கினார். இறங்கும்போது படியில் நின்று சொன்னார்: "இவ்வளவு காலம் கட்டியிரிக்கன். ஒரு வயராவது போய்ச் சேர்ந்த இடத்தை நான் கண்டதில்ல. ஞாயிறு பூசை முடிய வந்து பாக்கட்டா?"

வந்தார். அது இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சின்ன அலுமினிய விமானம். ஏழாவது வருடமாய்க் கட்டிக்கொண்டிருந்தேன். சிறகுகள் சுவரோரம் தொட்டில்போன்ற மரச்சட்டத்தில் நின்றன. என் மனைவி அதற்குத் தகரப் பெட்டி என்று பெயர் வைத்திருந்தாள். கராஜுக்குள் அவள் கால் வைப்பதில்லை. நான் அதில் ஏறிப் பறந்து செத்துப்போவேன் என்பது அவளுடைய திடமான எண்ணம்.

அக்கா விமானத்தின் உடலைச் சுற்றி வந்தார். ஒன்றையும் தொடவில்லை. பிறகு உள்ளே எட்டி, இரண்டு இருக்கைகளின் முன்னாலும் நின்ற தண்டுகளைப் பார்த்தார். விமானத்தை ஓட்டுவது அந்தத் தண்டால்தான். ஒன்று அசைந்தால் மற்றதும் கூடவே அசையும். மேலே கைக்குள் அடங்கும் கறுப்புக் கைப்பிடி. அதில் சின்னச் சின்னப் பட்டன்கள். சுட்டுவிரலால் அமர்த்தினால் றேடியோவில் கதைக்கலாம். பெருவிரலால் மேலே தள்ளினால் வாலில் உள்ள ஒரு சிறு தகடு அசைந்து மூக்கு உயரும். கீழே தள்ளினால் மூக்கு தாழும். ஒவ்வொரு பட்டனிலிருந்தும் தலைமயிர்போல மெல்லிய வயர்கள் தண்டின் குழாய்க்குள்ளே இறங்கி, அடியில் ஒரு துளையால் வெளியே வந்து, இருக்கைக்குக் கீழே போகும். தண்டு ஓயாமல் ஆடுகிற பொருள். வயர் குறுகினால் இழுபட்டு அறும். நீண்டால் எங்காவது சிக்கும்.

இடப்பக்கக் கைப்பிடியை நான் ஏற்கெனவே முடித்திருந்தேன். மூன்று கிழமை வேலை. பட்டனை அமர்த்திக் காட்டினேன். வால் தகடு 'ர்ர்' என்று அசைந்தது. எனக்குப் பெருமை.

"நல்லா வேலை செய்யுது," என்றார் அக்கா. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். "அவிழ்ப்பம்."

"ஏன் அக்கா? வேலை செய்யுதே, இவ்வளவு காணும்தானே?"

"காணும் எண்டது வேற, சரி எண்டது வேற."

இதை அவர் கோபமாகவோ நக்கலாகவோ சொல்வதில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்வார். என் மூன்று கிழமை வேலையை அரை மணித்தியாலத்தில் அவிழ்த்து, நிறம் நிறமாய்ப் பிரித்து, மேசையில் வரிசையாக வைத்தார். அவர் அவிழ்ப்பதைப் பார்க்க வேண்டும். சினத்தோடு பிய்க்கமாட்டார். மீனில் முள் எடுப்பதுபோல மெதுவாக, அடுத்ததைக் காயப்படுத்தாமல்.

அவர் கோபப்பட்டதை நான் ஒரே ஒருதரம்தான் கண்டேன். அதுவும் அன்றைக்குத்தான். பட்டனை மேலே தள்ளினால் மூக்கு தாழ்வதுபோல நான் மாற்றிப் பூட்டியிருந்தேன். அது எனக்குத் தெரியும். "அது பரவாயில்லை அக்கா, எனக்குப் பழகியிட்டுது," என்றேன்.

அக்காவின் முகம் இறுகியது. "மேல எண்டா மேலதான் மனே. பயம் வந்தா மனிசன் யோசிக்கிறதில்ல. கைதான் யோசிக்கும். கைக்குப் பொய் சொல்லிக் குடுத்து வெச்சிரிக்கா?"

நான் வரைபடத்தை எடுத்து அந்த இரண்டு வயர்களின் இடத்தையும் மாற்றி எழுதினேன்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். வில்லரே தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிய நான் போய் ஏற்றிவருவேன். பழைய பிஸ்கட் தகரத்துக்குள் அவருடைய சாமான்கள் இருக்கும்: வயர் சீவும் கத்தரி, ஈயம் பற்றவைக்கும் கம்பி, சூடு காட்டினால் சுருங்கி வயரைக் கவ்விக்கொள்ளும் மெல்லிய குழாய்த் துண்டுகள். மீன் பணிஸ் இரண்டு கொண்டுவருவார், ஒன்று எனக்கு. வேலை செய்யும்போது கதைக்கமாட்டார். ஒரு முனையைப் பற்றவைத்தால் ஆறும் வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார். பிறகு மெல்ல இழுத்துப் பார்ப்பார். அது நின்றால் அடுத்ததற்குப் போவார். ஒருநாளும் தன் வேலையை நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. இழுத்தும் வராவிட்டால் அதுதான் பாராட்டு.

என் மனைவியைக் கராஜுக்குள் கொண்டுவந்தவரும் அக்காதான். இரண்டு கைப்பிடிகளும் முடிந்து, சோதிக்க ஆள் வேண்டியிருந்தது. நான் முன்னால் மின்சாரம் அளக்கும் மீற்றரோடு, அக்கா வாலடியில். பட்டனை அமர்த்த ஒருவர் தேவை. அக்கா குசினிக் கதவைத் தட்டி, "பிள்ள, ஒரு கை தா," என்றார். என்னிடம் ஆறு வருடமாய் மாட்டேன் என்றவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து வலப்பக்க இருக்கையில் ஏறி அமர்ந்தாள்.

"மேல!" என்று அக்கா பின்னாலிருந்து கத்த, அவள் அமர்த்துவாள். "சரி! கீழ!" இப்படி இருபது ஞாயிறு இருக்கும். அவர் திருப்பித் திருப்பிச் செய்வித்தார். ஒருநாள் மனைவி தானாகவே, "அக்கா, மேல தள்ளேக்க ஒரு துளி பிந்தி அசையுது," என்றாள். அக்கா ஓடிவந்து பார்த்தார். உள்ளே ஒரு முனையில் ஈயம் சரியாய்ப் பிடிக்கவில்லை. "கேட்டியா? இவக்குக் காது இரிக்கு," என்று என்னிடம் சொன்னார். மனைவியின் முகத்தில் வந்த சிரிப்பை அந்தக் கராஜில் அதற்குமுன் நான் கண்டதில்லை.

அக்காவின் இந்தக் குணம் எல்லாருக்கும் பிடித்ததென்று சொல்லமாட்டேன். அவருடைய மகளின் கலியாணத்தை, அழைப்பிதழ் கொடுத்து, மண்டபமும் எடுத்து, ஒன்பது நாள் இருக்கையில் நிறுத்தியவர் அவர். பெடியனில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. சேலை மடித்துக்கொண்டிருந்த மகள், "சமாளிக்கலாம் அம்மா," என்று ஒரு சொல் சொல்லியிருக்கிறாள். அக்கா சேலையைக் கீழே வைத்துவிட்டு அவளை இருத்தி, அந்தக் கலியாணத்தில் மனமில்லை என்று அவள் வாயால் வரும்வரை இரண்டு மணித்தியாலம் கேட்டார். அன்று பின்னேரமே தனியாகப் பெடியனின் வீட்டுக்குப் போய், "பிழை எங்கட பக்கம், என்னை ஏசுங்க," என்று நின்றார். ஏசினார்கள். கோயிலிலும் ஒரு வருடம் சிலர் முகம் கொடுக்கவில்லை. "அட்டை அடிச்சாச்சு எண்டதுக்காகப் பிள்ளையக் குடுக்கேலுமா தம்பி?" என்று பஸ்ஸில் என்னிடம் கேட்டார். அவர் கொஞ்சம் அளவுக்கு மிஞ்சிப் போகிறார் என்றே எனக்கும் பட்டது.

அந்த எண்ணம் புரட்டாசியில் என் வாயாலேயே வெளியே வந்தது.

அப்போது விமானம் ஆற்றுக்கு அப்பாலுள்ள சிறு விமானத்தளத்தில், வாடகைக் கொட்டகை ஒன்றில் சிறகு பூட்டி நின்றது. பரிசோதகர் வந்து ஒரு பகல் முழுவதும் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை முதல் பறப்பு. மனைவியின் தமையன் ரொறன்ரோவிலிருந்து குடும்பத்தோடு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா கடைசியாய் ஒருதரம் பார்க்கவேண்டும் என்று வந்தார். வலப்பக்க இருக்கையில் ஏறி, தண்டை முன்னே, பின்னே, இடம், வலம் என்று ஆட்டினார். பிறகு இடப்பக்கப் பின்மூலைக்குக் கொண்டுபோய் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பிடிக்குது."

நான் ஏறி ஆட்டினேன். ஒன்றும் பிடிக்கவில்லை. இறங்கினேன். அவர் ஏறினார். "பிடிக்குது மனே."

இரண்டு தரம் இப்படி நடந்தபின் அவருக்கு விளங்கிவிட்டது. நான் உயரம், பின்னால் சாய்ந்து அமர்வேன். அவர் கட்டை, கை எட்ட வேண்டுமென்று இருக்கையின் முன் விளிம்பில் அமர்வார். விளிம்பில் பாரம் விழும்போது அடித்தகடு ஒரு நூலளவு வளைகிறது. அதன் கீழேதான், தண்டு ஆட இடம் வேண்டுமென்று தளர்வாய் விட்டிருந்த வயர்களின் வளையம்.

"வளையத்தை நான் நீளம் கூட விட்டிட்டன். என்ட பிழை. திறப்பம்."

"அக்கா, நாளைக்கு நான் தனியத்தான் போறன். அந்தப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கப் போறேல்லை. பேந்து பாப்பம்."

"இப்ப திறப்பம்."

இருக்கையைக் கழற்றினால் நாளைக்குப் பறக்க முடியாது. எனக்கு ஏழு வருடக் காத்திருப்பும் தலைக்கேறியது. "உங்களுக்கு அவிழ்க்கத்தான் தெரியும். ஒண்டையும் முடிய விடமாட்டியள். கலியாணமெண்டாலும் சரி, விமானமெண்டாலும் சரி!" என்று கத்திவிட்டேன்.

மனைவியும் தமையன் குடும்பமும் கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. கண் மட்டும் சிவந்தது. "இது நான் கட்டின. அவிழ்க்க எனக்கு உரிமை இரிக்கு," என்றார். பிஸ்கட் தகரத்தைத் திறந்தார்.

மனைவி எனக்கும் விமானத்துக்கும் நடுவில் வந்து நின்றாள். "இஞ்சருங்கோ. அக்கா பாக்கட்டும். இல்லையெண்டால் நாளைக்கு நான் இந்தக் கதவு திறக்க விடமாட்டன்."

இருக்கையின் அடித்தகடு பதினாறு திருகாணியில் நின்றது. மனைவிதான் ஒவ்வொன்றாய் வாங்கிக் கோப்பைக்குள் போட்டாள். தகடு வந்தது. அக்கா கைவிளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் விளக்கை என்னிடம் தந்தார்.

தகட்டின் விளிம்பு உரசி உரசி, வயரின் வெள்ளைத் தோல் ஓர் இடத்தில் தேய்ந்துபோயிருந்தது. உள்ளே செம்பு மினுங்கியது. இருபது ஞாயிறும் அந்த இருக்கையின் விளிம்பில் அமர்ந்தவர்கள் அக்காவும் மனைவியும்தான், இருவரும் கட்டை. தேய்ந்தது மூக்கைத் தாழ்த்தும் வயர். இரண்டு கைப்பிடிகளின் வயர்களும் ஒன்றாய்ச் சேர்ந்துதான் வாலுக்குப் போகின்றன. அந்தச் செம்பு தகட்டில் தொட்டால், ஒருவரும் பட்டனை அமர்த்தாமலே மூக்கு தானாய் நிலத்தைப் பார்த்துத் தாழத் தொடங்கும். வலப்பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும் என்றில்லை. ஒரு குலுக்கல் போதும்.

நான் விளக்கை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். "அக்கா, நான் சொன்னதை..." என்று தொடங்கினேன்.

"அதை விடு மனே. அந்தச் சின்னக் கத்தரியை எடு," என்றார்.

சனிக்கிழமை வானம் கண்ணாடிபோல இருந்தது. நாங்கள் நிலத்தில் இருந்தோம். அக்கா பழைய வளையத்தை வெட்டி, புது வயர் பற்றவைத்து, தகட்டின் விளிம்புக்கு இறப்பர் பூட்டி, வளையத்தை இரண்டு விரலளவு குறைத்தார். பிறகு மனைவியை விளிம்பில் இருத்தி, முந்நூறு தரம் தண்டை ஆட்டச் சொல்லி எண்ணினார். விருந்தாளிகள் பறக்காத விமானத்தோடு படம் எடுத்துக்கொண்டு ரொறன்ரோவுக்குத் திரும்பினார்கள். அதன்பின் மூன்று கிழமை மழை.

ஐப்பசி கடைசியில், புல்லில் வெண்பனி படிந்திருந்த ஒரு காலை, காற்று அடங்கியிருந்தது. வேலியோரம் மனைவியும் அக்காவும் நின்றார்கள். மனைவியின் கையில் சின்ன றேடியோ. நான் ஓடுபாதையின் நுனியில் திருப்பி நிறுத்தி, முழுவிசை கொடுத்தேன். சக்கரங்களின் தடதடப்பு திடீரென்று நின்றது. ஏழு வருடம் என் கராஜில் கிடந்த அலுமினியம் காற்றில் நின்றது. மேப்பிள் மரங்களின் சிவப்பு கீழே போனது. ஆறு தெரிந்தது. பெருவிரலால் மேலே தள்ளினேன். மூக்கு சொன்னபடி உயர்ந்தது. கீழே தள்ளினேன், தாழ்ந்தது. நான் சத்தமாகச் சிரித்தேன், தனியாக, ஆயிரம் அடியில். சுட்டுவிரலை அமர்த்தி, "கேக்குதோ?" என்றேன்.

"கேக்குது, கேக்குது!" என்று மனைவி கத்தினாள். "அக்கா அழுறா!"

"பொய்! காத்து!" என்று பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

புதிய விமானத்தில் சட்டம் விதித்த மணித்தியாலங்களைத் தனியே பறந்து முடிக்கும் வரை யாரையும் ஏற்றக் கூடாது. அதை முடிக்க அடுத்த ஆனி ஆகிவிட்டது. முதல் பயணி யார் என்று வீட்டில் பேச்சே எழவில்லை. மனைவியே போன் எடுத்து அக்காவுக்குச் சொன்னாள். அக்கா ஞாயிறு வேண்டாம், புதன்கிழமை வேண்டும் என்றார். மத்தியானத்துக்குச் சற்று முன் வேண்டும் என்றார். வேலைக்கு லீவு போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "காரணம் இரிக்கு," என்றார்.

தேவாலயத்துக்கு உடுத்தும் மெல்லிய பச்சைச் சேலை, மேலே சாம்பல் ஸ்வெட்டர். இரண்டு மெத்தை போட்டு ஏறி அமர்ந்தார். மேலே எழும்போது கண்ணை மூடுவார் என்று நினைத்தேன். மூடவில்லை. கழுத்தை நீட்டி, முன்னாலிருந்த கருவிகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். எந்த வயர் எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று எண்ணுகிறார் என்று எனக்கு விளங்கியது.

"பிடியுங்கோ அக்கா. நான் விடுறன்."

"நானா?"

"மெல்லப் பிடிச்சாக் காணும். பயப்பிடாதேங்கோ."

தன் கையாலேயே கட்டிய கைப்பிடியை அவர் பிடித்தார். முதலில் இறுக்கி, பிறகு தளர்த்தி. விமானம் ஒருதரம் குலுங்கிவிட்டு நேரானது. பெருவிரலை வைத்து மேலே தள்ளினார். மூக்கு உயர்ந்தது. கீழே தள்ளினார். தாழ்ந்தது. அவருடைய முகத்தில் ஒரு பிள்ளைச் சிரிப்பு வந்தது.

"அந்தப் பக்கம் போகலாமா?" என்று ஆற்றின் வடகரையைக் காட்டினார். "தண்ணித் தாங்கிக்குப் பின்னால, தட்டைக் கூரை தெரியுதா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மணி பன்னிரண்டு ஐந்து. தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம்.

கார் நிறுத்தும் வெளியில் நீல வேலைக்கோட்டுப் போட்ட பெண்கள் கூட்டமாய் நின்றார்கள். முதலில் புள்ளிகள், பிறகு நிமிர்ந்த முகங்கள். பத்துப் பேரும். யாரோ ஒரு வெள்ளைத் துவாயைத் தலைக்குமேல் சுழற்றினார்கள். பிறகு எல்லாக் கைகளும் உயர்ந்தன. இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் கத்துவதும் துள்ளுவதும் அத்தனை உயரத்திலிருந்தே தெரிந்தது. இத்தனை வருடம் பையில் போட்டு அனுப்பிய வயர்கள் போய்ச் சேரும் இடத்தை அவர்களும் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார்கள். அதற்குள் தங்களில் ஒருத்தி இருந்தாள்.

"ஹெய்ட்டிக்காரி அழுறாள், பாரு," என்றார் அக்கா. அவரால் அதைப் பார்த்திருக்கவே முடியாது. அவருடைய கன்னம்தான் நனைந்திருந்தது.

கூரை சிறகுக்கடியில் மறைந்தது. நான் விமானத்தளத்தை நோக்கித் திருப்பலாம் என்று என் தண்டில் கையை வைத்தேன். என் கைக்குள் அது தானாக இடப்பக்கம் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா என்னைக் கேட்கவில்லை. இருக்கையின் விளிம்புக்கு வந்து, முதுகை நிமிர்த்தி, கண்ணை அந்தக் கூரையிலிருந்து எடுக்காமல், விமானத்தை இன்னொரு சுற்றுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.